லிட்டர் எடை

பகலெல்லாம் ஏலத்தை ஏலம் கேட்கிறவள் நான்.
போடியில், வரிசையாகக் கணினிகள் வைத்த மாடியில்,
வண்டன்மேட்டுச் சரக்கு, லாட் எழுபத்திரண்டு,
கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏற்ற ஒரு சொடுக்கு.
சாயங்காலத்துக்குள் முதலாளியின் அரைக் கோடி
என் விரல் வழியே போயிருக்கும்.
வாசம் மட்டும் ஒட்டும்.

இரவில் என் பணம்.
பன்னிரண்டாயிரம் காசு, அதுவும் கேமுக்குள்.
கம்பத்தில் வாங்கிய பழைய பெட்டிக்குள்
யாரோ எடுக்க மறந்த டிஸ்க்: பேஸ்பால்.
நான்கு தப்புப் பந்தை விட்டுவிட்டால்
சும்மா நடந்தே முதல் தளம் போகலாம் என்று
புரிய ஒரு வாரம் ஆனது.
அடிக்காமல் நிற்பதற்கும் கூலி தரும் ஆட்டம்!
அன்றைக்குத்தான் பிடித்துப்போனது.

வைர அட்டை ஒன்று தொண்ணூறாயிரம்.
அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்.
பச்சை நிறத்துக்கு மயங்கி லாட் எடுத்துக்
கடை மூடியவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள்.
காய் எவ்வளவு பெரிது என்று எவனும் பார்ப்பான்.
லிட்டர் எடை என்ன?
நானூறு கிராம் தாண்டினால்தான்
உள்ளே அரிசி இருக்கிறது.

அப்படி எடுத்தவன் ஹால்வெக்.
மொத்த மதிப்பெண் அறுபத்தெட்டு, எவனும் சீண்டாதவன்,
எதிரே இடக்கை வீச்சாளன் நின்றால் மட்டும் புலி.
நூற்றுப்பத்து காசு.
ஒகேன்டோ, கேட்சர், ஓடச் சொன்னால் உருளுவான்;
அவன் கையைத் தாண்டி இரண்டாம் தளம் திருடியவன் இல்லை.
நூற்றைம்பது.
வெள்ளி இரவு புதுப் பொட்டலம் இறங்கியதும்
ஊரே பழசை வாரிக் கொட்டும்;
இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எடுத்த ஷார்ட்ஸ்டாப்பின்
விலையை வெளியில் சொல்லமாட்டேன்.

அப்புறம் விண்டல்.
நாற்பத்தொரு வயது, இடக்கை, வேகமே கிடையாது.
வளைபந்து ஒன்றுதான் சொத்து:
நேரே வருகிற மாதிரி வந்து
போடிமெட்டு லாரி போல
கடைசிக் கொண்டை ஊசியில் முகம் திருப்பும்.
முந்நூற்றைம்பதுக்கு வந்தவன்
பதினொரு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தான்.

ஒரு வியாழக்கிழமை, காரணம் சொல்லாமல்,
அவன் அட்டை தங்கமானது. இருபத்திரண்டாயிரம்.
விற்றேன்.
யோசிக்கவில்லை என்றால் பொய்.
டீ ஆறும்வரை யோசித்தேன்.
அந்தக் காசில் மூன்று பேர் வந்தார்கள்,
மூவரும் நல்ல ஆட்டக்காரர்கள்,
பெயர்தான் இன்னும் வாயில் வரவில்லை.

அடுத்த வாரம் எதிரணி, நெடுங்கண்டம் நைட்ஸ்.
மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன்;
எனக்குப் பெய்த மழைதான் அவனுக்கும் பெய்துகொண்டிருந்தது.
ஒன்பது வைரம் மின்ன,
நடு மேட்டில் விண்டல்.

ஏழு பேரை வரிசையாக உட்காரவைத்தான்.
எட்டாவது ஆளுக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது.
வாங்கினவனுக்கு அட்டை தெரியும்,
எனக்கு ஆளைத் தெரியும்:
எழுபது பந்துக்கு மேல் தோள் தொங்கிவிடும்.
மட்டையை அடக்கினேன். விட்டேன்.
விட முடியாததைத் தொட்டு வெளியே தள்ளினேன்.
வேண்டாத லாட்டில் எதிராளியை
ஐந்து ஐந்தாக ஏற்றிவிடுவது போல
ஒவ்வொரு பந்தாகச் செலவழிக்க வைத்தேன்.

ஏழாவது இன்னிங்ஸில்
தொப்பியைக் கழற்றி நெற்றி துடைத்தான்.
எல்லா வீச்சாளனுக்கும் எழுதிவைத்த அசைவுதான், தெரியும்.
இருந்தாலும் பொத்தானில் விரல் வழுக்கியது.
இரண்டு தளத்தில் ஆள். நூற்றுப்பத்து காசு ஹால்வெக்.
வளைபந்து வந்தது.
வளையவில்லை.

நான்குக்கு மூன்று.
கத்திய கத்தலில் கீழ்வீட்டுப் பேச்சியக்கா
விளக்கைப் போட்டு வாசலைப் பார்த்தாள்.

சந்தையைத் திறந்தேன். பரபரப்பு அடங்கி
விண்டல் எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
கையில் எட்டாயிரத்து எழுநூற்று நாற்பது.
ஒகேன்டோவை விற்றாலும் பத்துக் காசு இடிக்கும்.
ஒகேன்டோவை எப்படி விற்பது?

ஐந்தரைக்குத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள்
மெட்டுப் பாதையில் உறுமத் தொடங்கின.
பத்து மணிக்கு லாட் ஒன்று.